பழைய போனைச் சரிசெய்வதா, புதுசு வாங்குவதா: மாதக் கணக்கில் ஓர் ஒப்பீடு

திரை உடைந்த அன்று மாலைதான் பலருக்கு இந்தக் கேள்வி முதன்முதலாக வருகிறது. அல்லது முக்கியமான ஓர் அழைப்பின் நடுவில், 23 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் பொட்டென்று அணைந்துபோன அன்று. கோபமும் பதற்றமுமாக இருக்கும்போது மனசு இரண்டே பக்கம்தான் ஓடும். ஒன்று, "இந்தச் சனியனைத் தலைமுழுகிவிட்டுப் புதுசு வாங்கிவிடுவோம்." இன்னொன்று, "ஓடுகிற வரைக்கும் ஒட்டுப்போட்டு ஓட்டுவோம்." இரண்டையும் நானே செய்திருக்கிறேன். இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு ஊரறிந்த கணக்கு ஒன்று உண்டு. ரிப்பேர் செலவு புதிய போனின் விலையில் பாதியைத் தாண்டினால் புதுசு வாங்கு, தாண்டாவிட்டால் சரிசெய். நினைவில் வைத்துக்கொள்ள எளிது என்பதைத் தவிர அந்த விதியில் பெரிதாக ஒன்றும் இல்லை. எந்தப் புதிய போனின் விலை? நீங்கள் முன்பு வாங்கிய அதே தரமா, இப்போது ஆசைப்படும் உயர்ந்த தரமா? அதைவிடப் பெரிய ஓட்டை: சரிசெய்த பிறகு அந்த போன் எவ்வளவு காலம் ஓடும் என்று அந்த விதி கேட்பதே இல்லை.

ரிப்பேர் செய்வது என்பது மாதங்களை விலைக்கு வாங்குவது. அதனால் மாதத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. விளங்குவதற்காக ஒரு கணக்கு. நீங்கள் வாங்க நினைக்கும் புதிய போனின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 5 வருஷம், அதாவது 60 மாதம் வைத்திருக்கப் போகிறீர்கள். நடுவில் ஒரு தடவை பேட்டரி மாற்ற 10 போகும். ஆக 110. மாதத்துக்கு 1.8 சொச்சம். இப்போது பழைய போனுக்கு டிஸ்ப்ளே மாற்ற 35 கேட்கிறார்கள். பாதி விதிப்படி தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்த போனுக்கு இன்னும் 8 மாதம்தான் ஆயுள் என்றால் மாதத்துக்கு 4.4 ஆகிவிடுகிறது, புதுசைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதே போனுக்கு 30 மாதம் மிச்சமிருந்தால் மாதத்துக்கு 1.2தான். டிஸ்ப்ளே நன்றாக இருந்து பேட்டரி மட்டும் மாற்ற வேண்டியிருந்தால் 10ஐ 30ஆல் வகுங்கள், கிட்டத்தட்ட இலவசம். செலவு ஒன்றேதான், மிச்சமிருக்கும் மாதங்கள்தான் தீர்ப்பை மாற்றுகின்றன.

அந்த மாதங்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் மிச்சக் கதை.

முதலில் பார்க்க வேண்டிய தேதி

போனின் ஆயுளைப் பலர் உடம்பை வைத்து எடைபோடுகிறார்கள். கீறல், விரிசல், ஓரம் தேய்ந்த கவர். உண்மையில் பெரும்பாலான போன்களுக்கு முடிவு கட்டுவது மென்பொருள். தயாரித்த நிறுவனம் பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை நிறுத்தும் தேதி ஒன்று இருக்கிறது. ரிப்பேர் செலவு எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்னால் அந்தத் தேதியை நிறுவனத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் செட்டிங்ஸில் கடைசியாக வந்த பாதுகாப்பு அப்டேட்டின் தேதியையும் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு முந்தைய தேதி அங்கே நின்றிருந்தால் யாரும் உங்களுக்குச் சொல்லாமலே கதை முடிந்திருக்க வாய்ப்புண்டு.

இந்த விஷயத்தில் கடந்த சில வருஷங்களில் நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் ஆண்ட்ராய்டு போன் என்றால் இரண்டு, மூன்று வருஷ அப்டேட்டே பெரிய விஷயம். 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8க்கு கூகுள் 7 வருஷ அப்டேட்டை அறிவித்தது. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு சாம்சங்கும் அதே 7 வருஷத்தைச் சொன்னது. ஆப்பிள் இதில் பழைய கை: 2013இல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் இது சட்டமே ஆகிவிட்டது. ஒரு மாடலின் கடைசி போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது 5 வருஷத்துக்கு இயங்குதள அப்டேட் கிடைக்க வேண்டும், உதிரி பாகங்கள் 7 வருஷம் கிடைக்க வேண்டும் என்கிறது அந்த விதி.

இதில் ஒரு சின்னச் சூட்சுமம். நிறுவனங்கள் தாங்களாகச் சொல்லும் 7 வருஷம் என்பது அந்த மாடல் வெளியான நாளிலிருந்து ஓடும் கணக்கு. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. வெளியாகி இரண்டு வருஷம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் 5 வருஷம்தான் கையில் வருகிறது. தள்ளுபடியில் ஒரு பகுதி அதற்குத்தான்.

அப்டேட் நின்ற மறுநாள் போன் செத்துவிடாது. செயலிகள் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருக்கும், உலாவி புதுப்பித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரிந்து எதுவும் மாறாது. ஆனால் இயங்குதளத்திலும் அதற்கு அடியில் இருக்கும் சிப்பின் மென்பொருளிலும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது. பிறகு செயலிகளும் ஒவ்வொன்றாகக் கைவிடும். 2025 மே மாதம் வாட்ஸ்அப் ஐஓஎஸ் 15.1க்குக் கீழே இருக்கும் போன்களை விட்டுவிட்டது. அதோடு ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் மூன்றும் அந்த விஷயத்தில் முடிந்தன. புத்தம் புதிய பேட்டரி போட்ட ஐபோன் 6ஆக இருந்தாலும் அதே கதிதான்.

என் அளவுகோல் இது. வங்கிச் செயலியும் ஓடிபியும் வருகிற போனாக இருந்தால் ஆதரவு முடியும் தேதியையே ஆயுளின் கடைசி நாளாக எடுத்துக்கொள்கிறேன். கூடவே சில மாதம் நீட்டிப்பேன், அவ்வளவுதான். வெறும் பாட்டு கேட்கவும் குழந்தை படம் பார்க்கவும் என்றால் அந்தத் தேதியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

கைப்பழக்கமும் பொறுமையும் உள்ளவர்கள் லீனியேஜ்ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளத்தை ஏற்றிக் கைவிடப்பட்ட போனுக்கும் உயிர் கொடுப்பதுண்டு. எனக்குப் பிடித்த வேலை. ஆனால் பல வங்கிச் செயலிகள் அப்படி மாற்றிய போனில் திறக்க மறுக்கும். அதனால் ஒருவருடைய ஒரே போனுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

நெட்வொர்க்கும் ஒரு கடிகாரம்தான். பல நாடுகளில் 3ஜி சேவையை மூடிவருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் மூடியபோது, 4ஜி இணையம் வந்தும் அழைப்புக்கு 3ஜியை நம்பியிருந்த போன்கள் பேசப் பயன்படாமல் போயின. உங்கள் போனில் 4ஜி வழியே குரல் அழைப்பு வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அதற்கு டிஸ்ப்ளே மாற்றுவது வீண்.

பேட்டரி

"போன் பழசாகிவிட்டது" என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு பேட்டரி பழசானதுதான். லித்தியம் அயனி பேட்டரிக்கு வயதாகும்போது இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று எல்லோருக்கும் தெரியும், கொள்ளளவு குறைகிறது. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் லித்தியத்தில் கொஞ்சம் உள்ளே இருக்கும் தகடுகளின் மேல் படலமாகப் படிந்து, திரும்ப வேலைக்கு வராமல் போய்விடுகிறது. இரண்டாவது பலருக்குத் தெரியாது. பேட்டரியின் உள் மின்தடை ஏறுகிறது. கேமராவைத் திறக்கும்போதோ கேம் ஆடும்போதோ போன் திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும். தடை ஏறிய பேட்டரியால் அந்த நொடியில் ஈடுகொடுக்க முடியாமல் மின்னழுத்தம் சரியும், போன் அணைந்துவிடும். 23 சதவீதத்தில் அணைகிற மர்மம் இதுதான். உள்ளே சார்ஜ் இருக்கிறது, தேவையான வேகத்தில் வெளியே வர முடியவில்லை. குளிரில் இது இன்னும் மோசமாகும்.

2017 டிசம்பரில் உலகமே பேசிய விவகாரம் இதை ஒட்டியதுதான். பேட்டரி தளர்ந்த ஐபோன்கள் இப்படி அணைந்துவிடாமல் இருக்க, அவற்றின் வேகத்தை மென்பொருள் வழியே குறைத்ததாக ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பேட்டரியை மாற்றினால் வேகம் திரும்பி வந்தது. அதுவரை எத்தனை பேர் வேகம் போய்விட்டது என்று நினைத்துப் புதிய போன் வாங்கியிருப்பார்கள்! ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு 2018 முழுக்கக் குறைந்த விலையில் பேட்டரி மாற்றிக்கொடுத்தது. அடுத்து நடந்ததுதான் எனக்குச் சுவாரசியம். 2019 ஜனவரி 2 அன்று முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், புதிய ஐபோன் வாங்குவோர் எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததற்கான காரணங்களில் ஒன்றாக மலிவு பேட்டரி மாற்றத்தையும் ஆப்பிளின் தலைமைப் பொறுப்பில் இருந்த டிம் குக் குறிப்பிட்டிருந்தார். பேட்டரி மாற்றினால் பழைய போன் போதும் என்பதற்கு விற்பவரே கொடுத்த வாக்குமூலம் என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

பேட்டரியின் வயதைச் சுற்றுகளில் கணக்கிடுகிறார்கள். இன்று 60 சதவீதமும் நாளை 40 சதவீதமும் தீர்த்தால் சேர்ந்து ஒரு சுற்று. ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு 500 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும்படி வடிவமைத்ததாக ஆப்பிள் சொல்கிறது. ஐபோன் 15க்கு அதை 1000 ஆக்கியது. மேலே சொன்ன ஐரோப்பிய விதி குறைந்தது 800 சுற்று கேட்கிறது. தினமும் முழு சார்ஜைத் தீர்த்துவிடுகிறவருக்கு 500 சுற்று ஒன்றரை வருஷத்துக்குள் முடிந்துவிடும். பாதிதான் தீர்ப்பவருக்கு இரண்டே முக்கால் வருஷம் ஆகும். சூடும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம்.

ஐபோனில் பேட்டரியின் ஆரோக்கியத்தை செட்டிங்ஸிலேயே பார்க்கலாம். அந்த 2017 விவகாரத்துக்குப் பிறகு, 2018இல் கொண்டுவந்த வசதி அது. ஆண்ட்ராய்டில் சில மாடல்களில் இருக்கிறது, பலவற்றில் இல்லை. அந்த ஆரோக்கிய அளவு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, மத்தியானத்துக்குள் சார்ஜர் தேட வேண்டியிருந்தாலோ, போன் தானாக அணைந்தாலோ, ஆதரவுத் தேதி ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும் எந்த போனுக்கும் பேட்டரியை மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். இந்த ஒப்பீட்டில் தயங்காமல் சொல்லக்கூடிய ஒரே பதில் இது.

ஆனால் எந்த பேட்டரி என்பதில் கவனம் வேண்டும். லித்தியம் பேட்டரி அலமாரியில் சும்மா கிடந்தாலும் வயதாகும். ஆறு வருஷத்துக்கு முந்தைய மாடலுக்கு "ஒரிஜினல், கம்பெனி பெட்டியோடு" என்று ஒன்றைக் கொடுத்தால் அது ஆறு வருஷமாகப் பெட்டிக்குள் மூப்படைந்த பேட்டரியாகவும் இருக்கலாம். தயாரித்த தேதியைக் கேளுங்கள். சொன்ன கொள்ளளவைவிட அதிகம் என்று பீற்றிக்கொள்ளும் மலிவு பேட்டரியை நம்பாதீர்கள். அதே அளவு இடத்துக்குள் அதிசயம் எதுவும் அடங்காது. ஐபோனில் நிறுவனத்தின் வழியே வராத பேட்டரி போட்டால் ஆரோக்கியச் சதவீதம் காட்டாமல் எச்சரிக்கை காட்டுவதும் உண்டு. பயன்பாட்டுக்கு அதனால் கெடுதல் இல்லை, ஆனால் பின்னால் விற்கும்போது விலை குறையும்.

பின்பக்கம் உப்பி, மூடி ஓரத்தில் விலகி நிற்கிறதா? அது வேறு விஷயம். சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். போனை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அப்புறம் யோசிக்கலாம், பேட்டரி இன்றைக்கே வெளியே வர வேண்டும்.

டிஸ்ப்ளே

சிக்கலான கணக்கு இங்கேதான். பெரும்பாலான போன்களில் மேல் கண்ணாடி, தொடுபரப்பு, ஒளிரும் பலகை மூன்றும் ஒன்றாக ஒட்டப்பட்டவை. கண்ணாடி மட்டும்தானே கீறியிருக்கிறது என்று நாம் நினைப்போம், அவர்கள் முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்பார்கள். கண்ணாடியை மட்டும் சூடாக்கிப் பிரித்து வேறு ஒட்டிக்கொடுக்கும் வேலையும் உண்டு. அதற்குக் கருவியும் கைநேர்த்தியும் வேண்டும், பாதியில் ஒளிரும் பலகை போய்விடும் ஆபத்தும் உண்டு. விலை குறைந்த போன்களில் டிஸ்ப்ளேயின் விலையோடு வேலைக்கூலியையும் கூட்டிப் பார்த்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். உயர்ரக போனுக்கு டிஸ்ப்ளேயும் விலை அதிகம், ஆனால் மிச்சமிருக்கும் மாதங்களும் அதிகம். அதனால் வகுத்துப் பார்க்கும்போது பல சமயம் அதுதான் தேறுகிறது.

மலிவாக முடித்துக்கொடுக்கிறேன் என்று சொல்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: என் போன் ஓஎல்இடி, நீங்கள் போடுவதும் ஓஎல்இடியா, எல்சிடியா? ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், எல்சிடிக்குப் பின்னாலிருந்து ஒளி வேண்டும். ஓஎல்இடி வந்த இடத்தில் எல்சிடியைப் பொருத்தித் தரும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பார்த்தவுடன் தெரியாது. பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவரும். கறுப்பு சாம்பலாக இருக்கும், வெயிலில் மங்கும், பேட்டரியை அதிகம் தின்னும், பலகை சற்றுத் தடிமனாக இருப்பதால் ஓரம் துருத்தும். திரைக்கு அடியில் கைரேகை படிக்கும் போனாக இருந்தால் இன்னும் மோசம். அந்த சென்சார் பார்ப்பது ஓஎல்இடி பலகையின் ஊடாக. எல்சிடியின் பின்னொளி குறுக்கே நின்றால் கைரேகை அதோடு போச்சு.

எனக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். முந்தைய போனுக்கு விலை குறைந்த டிஸ்ப்ளே போட்டேன். படம் அருமையாகத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து முதல் அழைப்பை எடுத்தபோதுதான், காதருகே வைத்தால் திரை அணைய வேண்டிய போன் அணையாமல் நிற்பது தெரிந்தது. மேல் ஓரத்தில் இருக்கும் சென்சாரின் துளை அந்த டிஸ்ப்ளேயில் சரியாக அமையவில்லை. அதன்பின் எட்டு மாதம் என் கன்னம்தான் அழைப்புகளை மியூட்டில் போட்டது, ஸ்பீக்கரில் போட்டது, சில சமயம் துண்டித்தது. கடைசியில் போனை மாற்றிய காரணம் அதன் வயது அல்ல, அந்த ரிப்பேர்.

பாகத்தை போனோடு மென்பொருளால் பிணைத்துவைக்கும் சங்கதியும் இருக்கிறது. 2021இல் ஐபோன் 13 வந்தபோது, வெளியாட்கள் திரையை மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் வசதி நின்றுபோனது. எதிர்ப்பு கிளம்பியதும் ஆப்பிள் பின்வாங்கியது. 2024இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இப்படிப் பிணைப்பதைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. நிலைமை மெல்ல மாறுகிறது. ஆனாலும் கையில் இருப்பது சில வருஷத்துக்கு முந்தைய போன் என்றால், திரை மாற்றிய பிறகு தானியங்கி வெளிச்சமும் நிறச் சரிப்பும் முன்போல இருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று. விரிசலை எல்லாம் பழுது என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. மூலையில் ஒரு கீறல் ஓடியிருக்கிறது, தொட்டால் எல்லா இடமும் வேலை செய்கிறது, கோடு எதுவும் இல்லை என்றால் மேலே ஒரு கண்ணாடிக் காப்பை ஒட்டிவிட்டு மறந்துவிடலாம். நீர் புகாத தன்மை போய்விட்டது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பச்சைக் கோடு, கறுப்பு மை பரவுவது போன்ற கறை, தொட்டால் உணராத பட்டை, இவை வேறு ரகம். இவை பரவும். அன்றைக்கே எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிடுங்கள். திரை முழுக்கப் போய்விட்டால் கடவுச்சொல்லை அடிக்க வழியில்லை, உள்ளே இருப்பதை எடுக்கவும் வழியில்லை.

மற்ற கோளாறுகள்

சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் வேறு கேபிள். அடுத்து, போனை அணைத்துவிட்டு மரத்தாலான பல்குச்சியால் துளையை மெல்லச் சுரண்டிப் பாருங்கள். சட்டைப்பை பஞ்சு கெட்டியாக அடைத்துக்கொண்டிருப்பதுதான் பாதிக் கதை. சார்ஜிங் பின் உண்மையிலேயே போயிருந்தாலும் சின்னச் செலவுதான். ஸ்பீக்கர், பட்டன், கேமராவின் மேல் கண்ணாடி எல்லாம் அந்த ரகமே.

தண்ணீரில் விழுந்து போர்டு, அதாவது உள்ளே இருக்கும் முதன்மைச் சுற்றுப் பலகை, போனது எதிர்ப்பக்கம். உலர்த்தி எழுந்துவிட்டாலும் உள்ளே அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். இன்று அதில் ஒரு ஐசி (சிப்) மாற்றுவீர்கள், இரண்டு மாதத்தில் இன்னொன்று போகும். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. உள்ளே இருக்கும் படங்களையும் கோப்புகளையும் மீட்பதற்காக மட்டும் போர்டு வேலை செய்யலாம், அந்த போனைத் தொடர்ந்து பயன்படுத்துவதற்காக வேண்டாம். தண்ணீர் புகாது என்பதற்கான ஐபி68 முத்திரை இருக்கிறதே என்றால், அது புதுசாக இருந்தபோது. பசையும் ரப்பரும் வருஷத்தோடு தளரும். ஒரு தடவை திறந்து மூடிய போனைத் தண்ணீர் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

"மெதுவாக இருக்கிறது" என்பது தனிப் புகார். பேட்டரியைப் பார்த்தாயிற்று என்றால் சேமிப்பிடத்தைப் பாருங்கள். 95 சதவீதம் நிரம்பிய போனில் புதிதாக எதையும் எழுத, பழையதை நகர்த்தி இடம் பண்ண வேண்டியிருப்பதால் எல்லாமே இழுக்கும். அழித்து 15, 20 சதவீதம் காலி செய்தால் பல போன்கள் துள்ளி எழுந்துவிடும். செலவு ஒன்றுமில்லை, வாட்ஸ்அப்பில் சேர்ந்த காலை வணக்கப் படங்களுக்கு விடைகொடுக்கும் மனத்திடம் மட்டும் வேண்டும். அதற்கும் அசையவில்லை, ரேம் (செயலிகள் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) 2 அல்லது 3 ஜிபி, இரண்டு செயலிக்கு நடுவே மாறினால் முந்தையது மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது என்றால் அதற்கு ரிப்பேர் கிடையாது. ரேம் போர்டோடு ஒட்டிய சமாச்சாரம். இங்கே புதுசு வாங்குவது நியாயம்தான்.

நடுவில் ஒரு வழி

இரண்டே வாய்ப்பு என்று பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஒன்று உண்டு, பல சமயம் அதுதான் ஜெயிக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் வந்த உயர்ரக போனை, புதுப்பித்து விற்பவரிடம் வாங்குவது. மலிவான புது போன் ஒன்று, அதே விலைக்கு 7 வருஷ வாக்குறுதியில் 5 வருஷம் மிச்சமிருக்கும் பழைய உயர்ரக போன் ஒன்று என்று வந்தால், நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். மாதக் கணக்கும் அந்தப் பக்கமே சாயும். புதுப்பித்தது என்ற சொல்லுக்கு ஆளாளுக்கு ஓர் அர்த்தம். ஆப்பிள் நேரடியாகப் புதுப்பித்து விற்கும் ஐபோன்களில் பேட்டரியும் வெளிக்கூடும் புதியவை. வேறு சில இடங்களில் துடைத்துப் பெட்டியில் போட்டதற்கும் அதே பெயர். பேட்டரி மாற்றியதா என்று கேளுங்கள், மாற்றவில்லை என்றால் அந்தச் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

தனியாளிடம் வாங்கினால் கூடுதல் எச்சரிக்கை. *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பெட்டியில் இருப்பதோடு பொருந்த வேண்டும். முந்தைய உரிமையாளரின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு உங்கள் கண் முன்னாலேயே நீக்கப்பட வேண்டும். அது நீங்காத போனை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. பூட்டு திறக்காது, உங்களிடம் இருப்பது வெறும் கண்ணாடிச் சில்லு.

சுற்றுச்சூழலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நினைப்பவன் நான். ஆனால் அதை அளவோடு சேர்க்க வேண்டும். ஆப்பிள் வெளியிடும் அறிக்கைகளின்படி ஓர் ஐபோனால் வாழ்நாள் முழுக்க ஏற்படும் கரியமில வெளியேற்றத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் அதைத் தயாரிக்கும்போதே முடிந்துவிடுகிறது. தினமும் ஒரு தடவை சார்ஜ் போட்டால் வருஷத்துக்கு ஆகும் மின்சாரம் 10 யூனிட்டுக்குள் அடங்கும். அதனால் "புது மாடல் மின்சாரத்தை மிச்சப்படுத்தும்" என்பது வாதமே இல்லை. ஐரோப்பாவில் இருக்கும் ஸ்மார்ட்போன்களின் ஆயுளை ஒரே ஒரு வருஷம் நீட்டினால் 2030 வாக்கில் வருஷத்துக்கு 21 லட்சம் டன் கரியமில வாயு மிச்சம் என்று ஐரோப்பியச் சுற்றுச்சூழல் கூட்டமைப்பு 2019இல் கணக்கிட்டது. 2022இல் உலகம் கொட்டிய மின்னணுக் குப்பை 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே என்கிறது ஐ.நா.வின் அறிக்கை. மாதக் கணக்கில் இரண்டும் சமமாக வரும்போது இந்த எண்கள் என்னை ரிப்பேர் பக்கம் தள்ளிவிடும்.

ஆசை என்ற ஒன்றும் இருக்கிறது. நல்ல கேமரா வேண்டும், பெரிய திரை வேண்டும், அவ்வளவுதான் காரணம் என்றால் அப்படியே சொல்லிவிட்டு வாங்குங்கள். பேட்டரி நிற்கவில்லை, டச் சரியில்லை என்று பழைய போன் மேல் பழிபோட வேண்டாம். அப்படி வாங்கினால் பழசைச் சீக்கிரம் கைமாற்றுங்கள். இழுப்பறையில் இரண்டு வருஷம் தூங்கிய போனை யாரும் வாங்க மாட்டார்கள், பேட்டரியும் உள்ளேயே செத்திருக்கும்.

ரிப்பேருக்குக் கொடுப்பதானாலும் விற்பதானாலும் ஒரு வேலை பொது. முதலில் பேக்கப். இரண்டடுக்குப் பாதுகாப்புக் குறியீடு தரும் செயலி அந்த போனில்தான் இருக்கிறது என்றால் அதைத் தனியாக வேறு கருவிக்கு மாற்றிவிடுங்கள். சாதாரண பேக்கப்பில் அது வரும் என்று நம்பி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்வீஸ் ஆள் கேட்டார் என்று கடவுச்சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோடு, பிக்சலில் ரிப்பேர் மோடு இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் உங்கள் படமோ செய்தியோ தெரியாமல் அவரால் போனைச் சோதித்துப் பார்க்க முடியும். அந்த வசதி இல்லாத போன் என்றால் அழித்துவிட்டுக் கொடுங்கள்.

என் இப்போதைய போனுக்கு வயது நான்கு நடக்கிறது. ஆதரவுத் தேதிக்கு இன்னும் 19 மாதம். போன மாதம் பேட்டரி மாற்றினேன். கீழ் மூலையில் ஒரு விரிசல் இருக்கிறது, டிஸ்ப்ளேக்குக் கேட்ட தொகையை 19ஆல் வகுத்துப் பார்த்தேன், இடித்தது. கண்ணாடிக் காப்பு ஒன்றை ஒட்டியிருக்கிறேன்.